15 வருஷமாக யாரும் தொடாத எக்ஸாம்ப் சேர்வர், எல்லாம் டிஃபோல்ட் (வந்தபடியே விட்ட) அமைப்பில்: முதலில் எதைச் செய்வது?

உவர்மலை_இளையவன்
எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இரண்டு நாளாக நித்திரை இல்லாமல் யோசித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது.

நான் படித்த தனியார் கல்வி நிலையம் ஒன்று திருகோணமலை நகருக்குள் இருக்கிறது. பெயர் வேண்டாம். போன கிழமை சேர் கூப்பிட்டு, "தம்பி, புள்ளி பார்க்கிற சைட் சரியான ஆறுதலாகத் திறக்குது, ஒருக்கா வந்து பாரும்" என்றார். போனேன். கந்தோர் அறையில் மேசைக்குக் கீழே தூசு பிடித்த ஒரு விண்டோஸ் 7 பெட்டி. அதில் எக்ஸாம்ப் 1.7.3, அதாவது அப்பாச்சி வெப் சேர்வர், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், பிஎச்பி மொழி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தருகிற பொதி. 2010இல் அங்கே கணினி படிப்பித்த அண்ணா ஒருவர் போட்டுக் கொடுத்தது, அவர் வெளிநாடு போய்ப் பல வருஷம். ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) ஒன்று எடுத்து, ரவுட்டரில் வெப் பக்கங்கள் போய் வருகிற 80ஆம் போர்ட்டைத் திறந்து, பிள்ளைகளின் புள்ளிகளையும் மாதக் கட்டணத்தையும் பெற்றோர் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரிச் செய்திருக்கிறார். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துப் பெற்றோர் இதற்காகவே நகருக்கு வந்து போகிற அலைச்சல் அதனால் குறைந்தது. அதை மறந்துவிட்டு அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் சைட்டின் ஃபோல்டருக்குள்ளேயே "பேக்கப்" என்று இன்னொரு ஃபோல்டர் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஃபோனில் டேட்டாவைப் போட்டு, சைட் முகவரிக்குப் பின்னால் அந்தப் பெயரை அடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. உள்ளே இருக்கிற கோப்புகள் அத்தனையும் பட்டியலாக வந்து நின்றன, மாதத்துக்கு ஒன்று வீதம் டேட்டாபேஸ் பிரதி. ஒன்றைத் திறந்தேன். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தாய் தகப்பனின் அடையாள அட்டை இலக்கம், ஃபோன் இலக்கம், யார் எத்தனை மாதம் காசு கட்டவில்லை என்பது வரை. என்னுடைய பெயரும் இருந்தது, அம்மாவின் ஃபோன் இலக்கத்துடன்.

சேரிடம் சொன்னேன். "எங்கட சைட்டை ஆர் தேடி வரப்போறான் தம்பி, இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கேல்லையே" என்றார். அவர் நல்ல மனிதர், காசு இல்லாத பிள்ளைகளைச் சும்மா படிப்பிக்கிறவர். அவருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? முதலில் எதைச் செய்வது?

டொக்யார்ட்_வீதி
தம்பி, விளங்கப்படுத்துவது பிறகு. இன்றைக்கே ரவுட்டருக்குள் போய் அந்த 80ஆம் போர்ட் திறப்பை எடுத்துவிடும். நிலையத்துக்குள் இருக்கிறவர்கள் உள் நெட்வொர்க்கில் தொடர்ந்து பாவிக்கலாம், வகுப்பு நிற்காது. பெட்டியை ஃபோர்மட் பண்ண வேண்டாம், ஒன்றையும் அழிக்கவும் வேண்டாம். வெளியில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி முழுவதையும் பிரதி எடும், முக்கியமாக அப்பாச்சியின் லொக் கோப்புகளை. யார் வந்தான் போனான் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பேக்கப் ஃபோல்டர் பட்டியலாகத் தெரிந்ததற்குக் காரணம் எக்ஸாம்போடு வருகிற அப்பாச்சி அமைப்பு. அதில் "ஒப்ஷன்ஸ்" வரியில் "இன்டெக்ஸஸ்" என்ற சொல் ஏற்கெனவே போட்டிருக்கும். ஒரு ஃபோல்டருக்குள் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் உள்ளே கிடப்பதை எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டு என்பதுதான் அதன் பொருள். உங்கள் அண்ணா அதைப் போடவில்லை, வந்தபடி விட்டிருக்கிறார், அவ்வளவுதான். சரி, அந்தச் சொல்லை எடுத்தால் பட்டியல் போய்விடும். கோப்பின் பெயரைச் சரியாக ஊகிக்கிறவனுக்கு அது அப்போதும் கிடைக்கும், ஆகவே பேக்கப்பை வெப் ஃபோல்டருக்கு வெளியே கொண்டு போக வேண்டும்.

எனக்கு அதைவிடப் பயம் வேறொன்றில். 1.7.3 என்று சொன்னீர். அந்தப் பதிப்பில் வெப்டேவ் திறந்தே வரும். வெப்டேவ் என்றால் பிரௌசர் போகிற அதே 80ஆம் போர்ட் வழியாகச் சேர்வரில் கோப்பு எழுதுகிற வசதி. அதற்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பொதியிலேயே எழுதி வந்தது: பெயர் "வாம்ப்", பாஸ்வேர்ட் "எக்ஸாம்ப்". உலகம் முழுக்க அதே இரண்டு சொல். ஓட்டைகளைச் சோதிக்கிற கருவித் தொகுப்பான மெட்டாஸ்ப்ளொய்ட்டில் இதற்கென்றே ஆயத்தமான மொடியூல் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த எவனும் ஒரு பிஎச்பி கோப்பை உள்ளே போட்டு, அதைப் பிரௌசரில் திறந்து, பெட்டி முழுவதையும் கையில் எடுக்கலாம். எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் வெப்டேவ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதும்.

கிண்ணியா_நெட்
அஸ்ஸலாமு அலைக்கும். தம்பியைப் பயப்படுத்தக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் கிண்ணியாவில் கம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். கடைக் கமெராவின் டிவிஆரை (பதிவுப் பெட்டியை) 80இல் இருந்து 8080க்கு மாற்றி வைத்துப் பல வருஷம், ஒரு கரைச்சலும் இல்லை. சேரின் பெட்டியையும் அப்படி மாற்றி, மைஎஸ்கியூஎல்லின் ரூட்டுக்கு, அதாவது முதன்மைப் பயனருக்கு, பாஸ்வேர்ட் போட்டு, நல்ல அன்டிவைரஸ் ஒன்று போட்டால் போதாதா? பரீட்சை நெருங்குகிற நேரத்தில் சைட்டை நிறுத்தினால் பெற்றோர் எல்லோரும் கந்தோரில் வந்து நிற்பார்கள், சேரின் நிலைமையையும் பார்க்க வேண்டும்.

உவர்மலை_இளையவன்
போர்ட்டை நேற்றிரவே மூடிவிட்டேன், சேர் நின்றுகொண்டிருக்கும்போதே. இப்போது லொக் பார்த்ததை எழுதுகிறேன், கை கொஞ்சம் நடுங்குகிறது.

அக்செஸ் லொக் கோப்பு அவ்வளவு பெரியது, நோட்பேட் திறக்க மறுத்துவிட்டது. துண்டு துண்டாக வெட்டித்தான் பார்த்தேன். பெற்றோர் வந்து போன வரிகள் பின்னேரம் ஆறிலிருந்து இரவு பத்து மட்டும். மற்ற எல்லா நேரமும், விடியப்புறம் மூன்று மணிக்கும், எங்கள் சைட்டில் ஒருநாளும் இல்லாத பக்கங்களை யாரோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். டேட்டாபேஸை நிர்வகிக்கிற பிஎச்பிமைஅட்மினின் செட்டப் பக்கம். டொம்கெட் என்ற ஜாவா வெப் சேர்வரின் மனேஜர் பக்கம், எங்களிடம் டொம்கெட்டே கிடையாது. வேர்ட்பிரஸ் லொகின் பக்கம், அதுவும் கிடையாது. ஒரே ஐபியில் இருந்து ஒரு செக்கனுக்குள் இருபது முப்பது பெயர். மனிதன் அடிக்கிற வேகம் இல்லை.

சேரைப் பக்கத்தில் இருத்தி, வரி வரியாகக் காட்டினேன். "இது எங்களைத் தேடி வந்ததில்லை சேர், உலகத்தில் இருக்கிற எல்லா ஐபியையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிற புரோகிராம், எங்கள் கதவும் அந்த வரிசையில் இருக்கு" என்றேன். அப்போதுதான் அவருடைய முகம் மாறியது.

டொக்யார்ட்_வீதி அண்ணா, நீங்கள் சொன்ன வெப்டேவ் ஃபோல்டரில் எக்ஸாம்ப் தானாக வைக்கிற கோப்புகள் இருந்தன. அவற்றோடு எங்களுடையது இல்லாத இரண்டு பிஎச்பி கோப்பும் இருந்தன. திகதி 2016.

டொக்யார்ட்_வீதி
அப்படியென்றால் யாரோ வந்துவிட்டார்கள். 2016இல் இருந்து அந்தப் பெட்டி உங்களுடையது மட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இனி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அந்த இரண்டு கோப்பையும் இரட்டைக் கிளிக் பண்ணிப் பார்க்க வேண்டாம், பிரதியில் அப்படியே இருக்கட்டும். ஆறுதலாகத் திறந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், பெட்டி வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

கிண்ணியா நானா, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் 80ஐத் தேடுகிறவன் 8080ஐயும் தேடுவான், டொம்கெட்டின் வழமையான போர்ட்டே அதுதான். 2009இல் தொடங்கிய ஷோடான் போன்ற தேடுபொறிகள் எந்த ஐபியில் எந்தப் போர்ட்டில் என்ன பதிப்பு ஓடுகிறது என்று எழுதி வைத்துக்கொள்கின்றன. இந்தப் பழைய அப்பாச்சி கேட்காமலே சொல்லிவிடும் வேறு: ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் அப்பாச்சி 2.2.14, பிஎச்பி 5.3.1, வெப்டேவ் இருக்கிறது என்பது வரை. "சேர்வர் டோக்கன்ஸ்" என்ற அமைப்பின் டிஃபோல்ட் "ஃபுல்" என்பதால் வருகிற வினை அது. தலைப்பை மறைப்பதால் ஓட்டை அடைபடாது என்பதும் உண்மைதான். இருந்தாலும் வாசலில் பூட்டின் மொடல் இலக்கத்தை எழுதி ஒட்டி வைக்கத் தேவையில்லை.

சல்லி_மூத்தவர்
இந்த இழையைக் காலையிலிருந்து வாசிக்கிறேன். 2001இல் நான் கொழும்பில் ஒரு கம்பனியில் நெட்வொர்க் வேலை. அந்த வருஷம் ஜூலையில் வந்த, தானாகவே மெஷினுக்கு மெஷின் பரவுகிற கோட் ரெட் என்ற புழுவை இப்போதுள்ள பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆகவே சொல்கிறேன்.

விண்டோஸ் 2000 சேர்வர் போட்டால் மைக்ரோசொஃப்ட்டின் வெப் சேர்வரான ஐஐஎஸ் 5.0 கேட்காமலே சேர்ந்து போட்டுக்கொள்ளும், தானாக ஓடத் தொடங்கும். ஃபைல் பகிர மட்டும் வாங்கிய மெஷினிலும் வெப் சேர்வர் ஓடும், பாவிக்கிறவனுக்கு அது தெரியாது. அதோடு இன்டெக்ஸ் சேவைக்கென்று சில கோப்பு வகைகளின் இணைப்பும் திறந்தே இருக்கும். அந்தச் சேவையை நீங்கள் நிறுத்தி வைத்திருந்தாலும் இணைப்பு இருந்தால் போதும், ஓட்டை ஓட்டைதான். மைக்ரோசொஃப்ட் ஜூன் 18ஆம் திகதியே திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 19ஆம் திகதி, 14 மணி நேரத்துக்குள் 359,000 மெஷினுக்கு மேல் புழு ஏறியது. திருத்தம் போடாதவர்களில் ஒரு பகுதியினர் அசட்டை செய்தவர்கள் இல்லை, தங்களிடம் வெப் சேர்வர் ஓடுகிறது என்றே அறியாதவர்கள். தெரியாத ஒன்றுக்கு எப்படித் திருத்தம் போடுவது? செப்டெம்பரில் நிம்டா என்ற இன்னொரு புழு வந்து, கோட் ரெட் இரண்டாவது புழு விட்டுப்போன பின்கதவு வழியாகவும் நுழைந்தது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் கந்தோரிலேயே படுத்தெழும்பினோம்.

இதற்குப் பிறகு, 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் பாதுகாப்புத்தான் முதல் என்று தன் கம்பனி ஆட்களுக்கு எழுதினார். அடுத்து வந்த விண்டோஸ் சேர்வர் 2003இல் ஐஐஎஸ் தானாக வராது. நீங்களாகப் போட்டாலும் வெறும் எச்டிஎம்எல் பக்கம் மட்டும் காட்டும், வெப்டேவ் வேண்டுமென்றால் தனியாகத் திறக்க வேண்டும். செய்தவர்களே டிஃபோல்ட்டைத் தலைகீழாக மாற்றினார்கள் என்றால் பிழை எங்கே இருந்தது என்று விளங்கும். அப்படிக் கவனமாக வந்த 2003இலும் வெப்டேவைத் திறந்துவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். 2015 ஜூலையில் அதற்கான ஆதரவு முடிந்தது, 2017இல் அதே வெப்டேவில் ஓட்டை வந்தது.

கிண்ணியா_நெட்
தம்பி, என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நேற்றிரவு டிவிஆரின் பாஸ்வேர்டைப் பார்த்தேன், பெட்டியோடு வந்த அதே பாஸ்வேர்ட்தான். வெளியில் இருந்து பார்க்கிற வழியை மூடிவிட்டேன். கடை வாசலும் வீட்டு வாசலும் ஒரே கமெராவில் தெரியும், பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

ஒரு கேள்வி. சேருக்குப் புதுசாகப் போடுகிறோம் என்றால், புதுப் பதிப்பு போட்டால் டிஃபோல்ட்டிலேயே எல்லாம் பத்திரமாக இருக்குமா?

மூதூர்_அக்கா
நானா, முன்னேறியிருக்கிறது, ஆனால் அப்படியே விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு இல்லை. நான் இந்த வேலைதான் செய்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பாச்சியை எடுங்கள். அமைப்புக் கோப்பில் ஒன்றும் எழுதாவிட்டால் பழைய பதிப்புகள் எல்லா வசதியும் உண்டு என்று எடுத்துக்கொள்ளும். 2012 பெப்ரவரியில் வந்த 2.4இல் அதைக் குறைத்தார்கள். ஆனாலும் இன்றைக்கு டெபியன் லினக்ஸ் போட்டுப் பாருங்கள், வெப் ஃபோல்டருக்கு அதே "இன்டெக்ஸஸ்" அமைப்புக் கோப்பில் எழுதித்தான் வருகிறது. ஆகவே தம்பி கண்ட பேக்கப் பட்டியல் புதுப் பெட்டியிலும் நடக்கக்கூடியது. மைஎஸ்கியூஎல்லில் உண்மையான மாற்றம் வந்திருக்கிறது: 5.7இல் இருந்து, நிறுவும்போதே ரூட்டுக்குத் தற்செயலான பாஸ்வேர்ட் ஒன்றைத் தானே உண்டாக்கும். முன்பு வெறுமையாக விடும்.

டொம்கெட் கதை எனக்கு நேரே நடந்தது. ஒரு விடுதியின் முன்பதிவு மென்பொருள், உள்ளே டொம்கெட். 8080க்கு முன்னால் எல்லாக் காவலும் போட்டிருந்தோம். 2020 பெப்ரவரியில் கோஸ்ட்கெட் என்ற டொம்கெட் ஓட்டை பற்றிய செய்தி வந்தபோதுதான் பார்க்கிறேன், 8009 என்று இன்னொரு போர்ட் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. ஏஜேபி என்ற உள் வழி. அப்பாச்சியும் டொம்கெட்டும் தங்களுக்குள் பேசுவதற்கு இருந்தது. நாங்கள் அதைப் பாவிக்கவே இல்லை, ஆனால் டிஃபோல்ட்டில் எல்லா முகவரியிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வழியாகச் செயலியின் கோப்புகளை, பாஸ்வேர்ட் எழுதிய கோப்பு உட்பட, வாசிக்கலாம். டொம்கெட் 9.0.31இல் இருந்துதான் அதை மூடி அனுப்பினார்கள். அன்றைக்கு நான் செய்த வேலையை இப்போது எந்தப் பெட்டிக்குப் போனாலும் முதலில் செய்கிறேன்: நெட்ஸ்டாட் கட்டளை அடித்து, திறந்திருக்கிற ஒவ்வொரு போர்ட்டுக்கும் "இது ஏன் திறந்திருக்கிறது, ஆருக்காக" என்று பதில் எழுதுகிறேன். பதில் எழுத முடியாத போர்ட்டை மூடுகிறேன்.

எக்ஸாம்ப் பற்றி ஒன்று. அதைச் செய்தவர்கள் ஒருநாளும் ஒளிக்கவில்லை. இது படிக்கிறவர்கள் தங்கள் மெஷினில் எழுதிப் பழக, வெளியில் வைக்க இல்லை, ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது என்று தங்கள் தளத்திலேயே எழுதியிருந்தார்கள். பழகுகிறவனுக்கு எல்லாம் திறந்திருந்தால்தான் முதல் நாளே ஓடும். அந்த முதல் நாள் வசதி 15 வருஷம் தெருவைப் பார்த்து நின்றதுதான் இங்கே நடந்தது. புதுப் பதிப்பு என்றும் நம்ப வேண்டாம். 2024 ஜூனில் விண்டோஸில் ஓடுகிற பிஎச்பி சிஜிஐயில் (வெப் சேர்வர் பிஎச்பியை ஓட்டுகிற ஒரு முறை) பெரிய ஓட்டை வந்தது, எக்ஸாம்ப் அந்தப் பிஎச்பி நிரலை டிஃபோல்ட்டிலேயே வெப் பக்கம் காட்டி வைத்திருந்தது அதற்கு வழி கொடுத்தது. பிஎச்பி 8.1, 8.2, 8.3க்குத் திருத்தம் வந்தது. சேரின் பெட்டியில் இருக்கிற 5.3க்கு 2014இலேயே எல்லாம் நின்றுவிட்டது.

தம்பி, அந்தப் பெட்டியைத் துடைத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். டேட்டாவை மட்டும் எடுத்து, ஒவ்வொரு அட்டவணையையும் பார்த்து, வேறொருவர் பராமரிக்கிற ஹோஸ்டிங் ஒன்றுக்கு மாற்றுங்கள். மேசைக்குக் கீழே சேர்வர் வைத்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அதுதான் நல்லது. பழைய பிஎச்பி நிரலை அப்படியே ஏற்ற வேண்டாம், திரும்ப எழுத வேண்டிவரும்.

நிலாவெளி_விருந்தகம்
எல்லாம் சரி, பெற்றோருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? கோபப்பட வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். ஊர் சின்னது. "அங்கே பிள்ளைகளின் விபரம் வெளியில் போய்விட்டதாம்" என்று ஒருவர் சொன்னால் பின்னேரத்துக்குள் நகரம் முழுக்கப் போய்விடும். சேரின் சீவியமே அந்த வகுப்புகள்தான். மூடியாயிற்று, திருத்தியாயிற்று, இனி ஏன்?

சல்லி_மூத்தவர்
நானும் அந்தப் பயத்தை மதிக்கிறேன். ஆனால் அடையாள அட்டை இலக்கத்தைத் திருத்த முடியாது. பாஸ்வேர்ட் என்றால் மாற்றலாம், இது வாழ்நாள் முழுக்கக் கூட வருகிற ஒன்று. நாளைக்கு யாரோ ஃபோன் எடுத்து, பிள்ளையின் பெயரும் வகுப்பும் சரியாகச் சொல்லி, "விபத்து, உடனே காசு அனுப்புங்கள்" என்றால் அந்தத் தாய் நம்புவாள். முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்று யோசிப்பாள். 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் நாட்டில் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

2023இல் அரசாங்க மின்னஞ்சலுக்கு நடந்ததை நினையுங்கள். ஆதரவு முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மின்னஞ்சல் சேர்வரில் ஓடிக்கொண்டிருந்தது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் வந்து மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அது வெளியில் சொல்லப்பட்டபடியால்தான் பல கந்தோர்கள் தங்கள் பேக்கப்பைத் திரும்பிப் பார்த்தன.

மூதூர்_அக்கா
அதோடு இலங்கை சேர்ட்டுக்கும் அறிவியுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்க 2006இல் இருந்து இருக்கிற தேசிய அமைப்பு அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற பிள்ளைகள் யாரும் ஊரில் இருக்கிற மற்றச் சைட்டுகளின் பின்னால் "பேக்கப்" என்று அடித்துப் பார்க்கப் போக வேண்டாம். அனுமதி இல்லாமல் நுழைவது 2007இன் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றம். தம்பி சேர் கூப்பிட்டுப் போனவர், அது வேறு.

உவர்மலை_இளையவன்
மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

சேர் சொன்னார், "நானே எடுத்துச் சொல்றன், நீர் இலக்கத்தை வாசியும்." ஒரு மாலை முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் வைத்துச் சொல்லாமல் ஒவ்வொருவராக எடுத்தார். ஏசியவர்கள் இருந்தார்கள், ஒரு தகப்பன் பிள்ளையை நிற்பாட்டிவிட்டார். பெரும்பாலானவர்கள் கேட்டது "இனி ஃபோன் வந்தால் என்ன செய்ய" என்பதுதான். கட்டணம் பற்றி ஃபோனில் ஒருநாளும் கேட்க மாட்டோம், நேரில் மட்டும், என்று சேர் சொன்னார். படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பழைய இலக்கங்களில் பாதி வேலை செய்யவில்லை. அவர்களை ஊரில் தெரிந்தவர்கள் மூலம் தேடிக்கொண்டிருக்கிறோம், கிண்ணியா நானாவும் உதவுகிறார், அவருக்கு நன்றி.

சேர்ட்டுக்கு எழுதியாயிற்று. சைட் ஹோஸ்டிங்குக்கு மாறிவிட்டது, இப்போது புள்ளிகள் மட்டும். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கிற பகுதியையே எடுத்துவிட்டோம். ஏன் கேட்டோம் என்று சேருக்கும் நினைவில்லை, பழைய விண்ணப்பப் படிவத்தில் இருந்திருக்கிறது, அப்படியே வந்திருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் அலுமாரிக்குள், திறப்பு சேரிடம்.

வெளிநாட்டில் இருக்கிற அந்த அண்ணாவிடமும் பேசினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் அங்கே போட்டுக் கொடுத்த வேறு மூன்று இடங்களின் பெயரைச் சொன்னார். நாளைக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லப் போகிறேன்.

மூதூர்_அக்கா
நல்லது தம்பி. ஸ்டேடிக் ஐபியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்க முன் டொமைன் பெயரில் பழைய ஐபியைக் காட்டுகிற பதிவு எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ மட்டுமில்லை, "மார்க்ஸ்", "மெயில்" என்று வைத்த துணைப் பெயர்களும். அந்த ஐபி அடுத்து ஆருக்குப் போகுமோ தெரியாது, உங்கள் பெற்றோர் பழைய முகவரியில் போய் அங்கே பாஸ்வேர்ட் அடிப்பார்கள்.

உவர்மலை_இளையவன்
"மார்க்ஸ்" இன்னும் பழையதைத்தான் காட்டுகிறது அக்கா. இப்போதே மாற்றுகிறேன்.